எண்ணெய் பட்ட பிரேக்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பாவின் பிக்கப் வண்டி, நிற்க வேண்டிய வெள்ளைக் கோட்டில் நிற்காமல் சாலைச் சந்திப்பின் நடுவுக்குப் போனது. அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

2. பட்டறையில் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்கள். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுகள், அதாவது பிரேக் டிஸ்க்குகள், இரண்டுமே தேய்ந்திருந்தன. அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளில் மிச்சமே இல்லை.

3. புதிதாக எதை வாங்குவது என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது.

4. முடிவு செய்தேன். வாங்கினோம்.

5. வாங்கியவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, டிஸ்க்குகளில் இருந்த எண்ணெயைத் துடைத்து எடுத்தேன்.

6. அம்மா அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்.

ஐந்தாவது நடக்காவிட்டால் ஆறாவது நடந்திருக்காது. இதை நான் பலமுறை வரிசை மாற்றிப் பார்த்துவிட்டேன். மாறவில்லை.

அப்போது எண்பதுகளின் முதல் பாதி. சிங்கப்பூரில் தேக்காவின் பழைய சந்தையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிச் சிறிது காலம்தான் ஆகியிருந்தது. நாங்கள் பிடோக்கில் குடியிருந்தோம். அப்பா மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தேங்காய்களை மொத்தமாக எடுத்து, சிராங்கூன் சாலைக் கடைகளுக்கும் புக்கிட் மேராவில் இருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கும் தன் பிக்கப்பில் கொண்டுபோய்ப் போடுவார். அம்மா பிடோக் சந்தையில் மெஷின் வைத்துத் தேங்காய் துருவி விற்றார். நான் இயந்திரவியலில் டிப்ளமா முடித்து, ஒரு தொழிற்சாலையில் கணினிக்குள் போகும் சிறு உலோகப் பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்பு. நான் சிவப்புச் சீட்டு ஒட்டியதை யாரும் எடுத்துப் பயன்படுத்த மாட்டார்கள். இந்த வசதி தொழிற்சாலைக்கு வெளியே கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதலாவது நடந்தது புக்கிட் மேராவில், மேட்டிலிருந்து இறங்கும்போது. வண்டி நிறையத் தேங்காய். அப்பா பிரேக்கை மிதித்திருக்கிறார். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டதே தவிர வேகம் குறையவில்லை. சந்திப்பின் நடுவில் போய்த்தான் நின்றது. குறுக்கே வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. பஸ் ஓட்டுநர் இறங்கிவந்து ஹொக்கியன் சீனத்தில் திட்டினாராம். அப்பாவுக்கு அந்தத் திட்டு எல்லாமே புரியும்.

"புரிஞ்சுச்சா? நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது? அவன் சொன்னதெல்லாம் உண்மைதான்."

அம்மா அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டுச் சாமி படத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து, காலையில் அப்பா சாவியை எடுக்கும் சத்தம் கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். கூட்டாளி ஒருவரிடம் இரவல் வாங்கிய வண்டியில் அப்பா போய்வந்த நாட்கள் அவை. அந்த வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார்.

பட்டறை புக்கிட் மேராவில்தான். பட்டறைக்காரரும் தமிழர். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். கழற்றிய டிஸ்க்கை விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, இது டிஸ்க் இல்லண்ணே. அப்பளம்."

"லேத்துல கடைஞ்சு போட முடியாதா?"

"கடையலாம். கடைஞ்சா பொரிச்சுத்தான் சாப்பிடணும்."

அப்பா சிரித்துவிட்டு என்னைக் கைகாட்டினார். "நம்ம வீட்ல ஒண்ணு டிப்ளமா படிச்சிட்டு இருக்குல்ல. அது சொல்லட்டும். ஊரான் சாமானத்தான் தெனம் அளக்குது, நம்ம சாமான ஒரு நாளு அளக்கட்டும்."

"ஐயோ, பாப்பா எஞ்சினியர் வந்துட்டாங்க லா. நாம வாய மூடிக்குவோம்," என்றார் பட்டறைக்காரர். ஆனால் விலகி இடம் கொடுத்தார்.

என் கைப்பையில் சொந்தமாக ஒரு வெர்னியர் அளவுகோல் இருந்தது. தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பு தேயாமல் வரம்பு கட்டி நிற்கும். அதன் மேல் அளவுகோலை வைத்தால் கனம் அதிகமாகக் காட்டும். அதனால் தேய்ந்த பரப்பில் இரண்டு பக்கமும் ஒரு நாணயத்தை வைத்து, சேர்த்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்தேன். இதைவிடக் குறையக் கூடாது என்று டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருந்த அளவைவிட அது நன்றாகவே குறைந்திருந்தது. பட்டறைக்காரர் கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் நான் சொன்னதும் அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதற்காகவே நான் இன்னொரு முறை அளந்தேன்.

வழிகள் நான்கு இருந்தன. பழையதைக் கடைவது: கனம் இல்லாததால் முடியாது. உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்து பழைய டிஸ்க் வாங்குவது: அது எப்படிப்பட்ட கையில் இருந்தது என்று தெரியாது. பெயரில்லாத பெட்டியில் வரும் புதியது: விலை குறைவு, இரும்பு எப்படி என்று சொல்ல ஆளில்லை. வண்டி செய்த கம்பெனியே விற்பது: விலை அதிகம். நான்காவதைத்தான் வாங்க வேண்டும் என்றேன்.

பேடுகளில்தான் யோசனை அதிகம். கடினமான பேட் நெடுநாள் உழைக்கும். ஆனால் சூடு ஏறும்வரை சரியாகப் பிடிக்காது, கூடவே டிஸ்க்கையும் அரிக்கும். மிருதுவானது நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். அப்பா எப்படி ஓட்டுகிறார் என்பதையும் கணக்கில் எடுத்தேன். திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் உள்ள தேங்காய் மூட்டைகள் உருண்டு வந்து ஓட்டுநர் அறையின் முதுகில் முட்டும். அதனால் அவர் எப்போதும் வெகுதூரத்திலேயே மிதிக்க ஆரம்பித்து, மெதுவாக இழுத்துக்கொண்டே வந்து நிறுத்துவார். பளு அதிகம், மிதிக்கும் நேரமும் அதிகம், சூடும் அதிகம். இதற்கெல்லாம் தாங்கக்கூடிய, ஆனால் முதல் மிதியிலேயே பிடிக்கக்கூடிய நடுத்தர ரகம் ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வாரம் தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அடுத்த முறை மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உதிரிபாகக் கடைகள் ஜாலான் புசார் பக்கம் வரிசையாக இருந்தன. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகலாம். கடைக்காரர் வயதான சீனர். அப்பா அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுவார். இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய். அவர் முதலில் பெயரில்லாத பெட்டியைத்தான் எடுத்து வைத்தார். டாக்சிக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றார். டாக்சிகளில் தேங்காய் ஏற்றுவதில்லை என்றேன் நான். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவிடம், வண்டி உனக்கா உன் மகளுக்கா என்று மலாயில் கேட்டார்.

"வண்டி எனக்கு, மூளை அவளுக்கு," என்று அப்பா மலாயில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

நான் கேட்ட டிஸ்க் வந்தது. கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்து ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடவில்லை. போல்ட் துளைகளைப் பழையதோடு வைத்துப் பார்த்தேன். பாக எண்ணைச் சரிபார்த்தேன். நான் எல்லாம் முடித்த பிறகு அப்பா அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகை விரலை மடக்கித் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். அவர் தேங்காய் வாங்குவது அப்படித்தான். டிஸ்க் மணி மாதிரி ஒலித்தது.

"நல்லா முத்துனது," என்றார். "எடுத்துக்கலாம்."

தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். விரிசல் இருந்தால் இரும்பு அப்படி ஒலிக்காது என்பதால் அதுவும் ஒரு சோதனைதான் என்று அப்பாவிடம் சொன்னேன். அன்று மாலை எங்கள் மூவரில் மகிழ்ச்சி அதிகம் யாருக்கு என்று சொல்ல முடியாது.

புது டிஸ்க்குகள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் பெட்டியில் வரும். பொருத்துவதற்கு முன் அதைத் துடைத்து எடுக்க வேண்டும். பட்டறைக்காரர் அழுக்குத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பொருத்திவிடுவார் என்று நினைத்தேன். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலுக்கு வெளியே நடைபாதையில் பழைய செய்தித்தாளை விரித்து, துணியைப் பெயின்ட் தின்னரில் நனைத்து, கறுப்பு வராமல் போகும்வரை துடைத்தேன். பேடுகளைத் தொடவில்லை. அவை பெட்டியிலேயே இருந்தன. அம்மா இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனார்.

"என்னடி இது நாத்தம்?"

"எண்ணெய எடுக்குறேம்மா."

"ஓ," என்றார்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிஸ்க்குகளைப் பேடுகளின் பெட்டியோடு சேர்த்துக் கூடத்து ஓரத்தில் வைத்தேன். மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். வீட்டில் யாரும் எழுமுன் கிளம்பிவிட்டேன். அப்பா அவற்றைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பொருத்திக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

மாலையில் நான் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தபோது வண்டி உள்ளே வந்தது. கார்பார்க்கில் திரும்பி, பிரேக் போட்டு நின்றது. நின்ற சில நொடிகளில் ஒரு வாசனை வந்தது. கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாள், யார் வீட்டில் பீசாங் கோரேங் பொரிக்கிறார்கள் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். உண்மையிலேயே வாழைப்பழம் பொரிக்கும் வாசனைதான். காய்ந்த தேங்காய் எண்ணெய். முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா, புது சாமான். வாசனையே தனி," என்று அப்பா இறங்கினார்.

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் என்றால் அம்மாதான். மேலே போனேன்.

சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னார். காலையில் பார்த்தால் டிஸ்க் இரண்டும் வறண்டு கிடந்தன. பிடோக்கில் கடல் காற்று. வறண்ட இரும்பு ஒரே நாளில் சிவந்துவிடும் என்பது தேங்காய் துருவும் மெஷின் வைத்திருக்கும் அவருக்குத் தெரியும். நான் எடுத்தது பழைய, நாறும் எண்ணெய் என்றும், நல்ல எண்ணெய் போடுவதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டார். அதனால் சுத்தமான தேங்காய் எண்ணெயை எடுத்து டிஸ்க்குகளுக்கு இரண்டு பக்கமும் தேய்த்தார். பெட்டியைத் திறந்து நான்கு பேடுகளையும் எடுத்தார். அவையும் வறண்டிருந்தன. இரண்டைத் தட்டில் எண்ணெயிலேயே வைத்தார், ஊறட்டும் என்று. மற்ற இரண்டுக்குக் கையால் தடவினார். பிறகு எல்லாவற்றையும் சாமி படத்தின் முன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சூடம் காட்டினார். அப்பா அதை அப்படியே எடுத்துப்போயிருக்கிறார். பட்டறைக்காரர் துடைக்கப் போனபோது, சாமி கும்பிட்டது, பொட்டை அழிக்காதே என்றும் சொல்லியிருக்கிறார்; அது எனக்குப் பிறகு தெரிந்தது.

"அம்மா, பிரேக்குக்கு எண்ணெய் போடக் கூடாதும்மா."

"மெஷின்னா எண்ணெய் போடணும்டி. போடாட்டி சிக்கிக்கும். நான் போடலையா?"

"அது சுத்தணும். அதான் போடுறீங்க. இது சுத்துறத நிறுத்தணும். எண்ணெய் பட்டா வழுக்கும்."

அம்மாவின் கத்தி நின்றது. நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழிற்சாலையில் ஒரு பாகம் ஏன் தள்ளுபடி என்று விளக்குவதுபோல் தொடர்ந்து விளக்கினேன். பேட் என்பது எண்ணெயை உறிஞ்சும் பொருள், டிஸ்க்கைத் துடைத்துவிடலாம், பேடைத் துடைக்க முடியாது, சூடாகச் சூடாக உள்ளிருந்து எண்ணெய் வெளியே வரும், இரண்டு பேடில் அதிகமும் இரண்டில் குறைவுமாக இருந்தால் இன்னும் மோசம். குரலை உயர்த்தவே இல்லை. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவும் இல்லை.

"அப்போ," என்றார் அம்மா, "அவரு நல்லா இருக்கணும்னு நான் வச்சதுதான் அவரத் தள்ளி விடுமா?"

பதில் சொல்லும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. பின்னால் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ.

"ஏய், நீ அவ சொல்றதெல்லாம் ஒரு பேச்சுன்னு கேட்டுக்கிட்டு நிக்கிற," என்று அம்மாவிடம் சொன்னார். "ஊசி முனை சாமான் அளக்குறவ அவ. அவளுக்கு உலகமே கோணலாத்தான் தெரியும். வண்டி கல்லு மாதிரி நிக்குது. புக்கிட் மேராலேருந்து ஓட்டிட்டு வர்றேன், எனக்குத் தெரியாதா?"

"நிசமாவாங்க?"

"உன் மேல சத்தியமா."

அம்மா என்னைப் பார்த்தார். கல் மாதிரி நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும் என்பது அவர் என்னைப் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

என் அடுத்த ஓய்வு நாளில் அப்பாவை வற்புறுத்திப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். கழற்றிப் பார்த்தால், இடது சக்கரத்துப் பேடுகளில் எண்ணெய் மேலாகத்தான் பட்டிருந்தது. வலது சக்கரத்துக்கு வந்தவை தட்டில் ஊறிய இரண்டும்தான். முழுக்கக் கறுத்திருந்தன. பட்டறைக்காரர் உப்புத்தாளை எடுத்தார்.

"ரெண்டு தேய் தேச்சா போயிடும் லா. ஓட ஓட எரிஞ்சு போயிடும்."

"போகாதுண்ணே. வேற பேட் போடுங்க. நான் வாங்கித் தரேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைத் தனியே வெளியே அழைத்துப் போனார். டயர்கள் அடுக்கியிருந்த சுவரோரம் நின்று, வண்டி விஷயமாக என்னோடு அவர் சிரிக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்த மேட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதும்மா. உங்கம்மா என் கையப் புடிச்சது இன்னும் வலிக்குது. அந்தப் பொட்டு உள்ள இருக்குன்னுதான் அவ என்னைய வெளிய விடுறா. இப்பக் கழட்டிப் போட்டா, அவ கை பட்டதாலதான் கழட்டுனோம்னு ஆயிடும். அப்புறம் எதத் தொட்டாலும் பயப்படுவா. பாத்து ஓட்டிக்கிறேன். விடு."

"இடது பக்கம் இழுக்கும்பா."

"வலது பக்கம் புடிச்சுக்குறேன்."

உள்ளே உப்புத்தாள் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க்குகளை மட்டும் நானே தின்னர் போட்டு மறுபடி துடைத்தேன். பேடுகளில் குங்குமத்தின் சிவப்பு நிறம் தேய்த்த பிறகும் லேசாகத் தெரிந்தது.

வண்டி இடது பக்கம் இழுத்தது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும். சாலையின் இடதுபுறம் ஓட்டுகிற ஊரில் இடது பக்கம் என்பது நடைபாதை. எண்ணெய் வெளியே வந்து எரிந்து, கொஞ்சம் சரியாகி, வெயில் நாளில் மறுபடி வெளியே வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வாயைத் திறந்தால் அம்மாவின் கை நின்றுவிடும். உடனே அப்பா ஏதாவது ஜோக் அடிப்பார். ஒருமுறை அம்மாவே மெதுவாகக் கேட்டார், "இப்ப எப்படிடி நிக்குது?" அப்பா கூடத்தில் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். "பரவாயில்லம்மா," என்றேன். சிவப்புச் சீட்டு என் கையில் இருந்தது. ஒட்ட இடமில்லை.

தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை நான் அவரோடு வண்டியில் போனேன். எந்த அளவு இழுக்கிறது என்று பார்க்க. சிராங்கூன் சாலையில் கூட்டம். கடை முன்னால் நிறுத்துவதற்காக வழக்கம்போல் தூரத்திலேயே மிதிக்க ஆரம்பித்தார். அப்போது எங்களுக்கு முன்னால் போன டாக்சி சட்டென்று நின்றது. அப்பா அழுத்தி மிதித்தார். வண்டி இடது பக்கம் திரும்பியது. அவர் கைகள் வலது பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தன. முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி இடித்து நின்றது. ஒரு பெண், பள்ளிச் சீருடையில் இருந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே கல்லை அப்போதுதான் தாண்டி ஒரு அடி தள்ளிக் கால் வைத்திருந்தார். அந்த ஒரு அடிதான்.

பின்னால் மூட்டை கிழிந்து தேங்காய்கள் சாலையெல்லாம் உருண்டன. ஆட்கள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள்.

"என்னண்ணே, கோயிலு அந்தப் பக்கம் இருக்கு, இங்கயே ஒடச்சிட்டீங்க?" என்று நகைக்கடைக் காவலாளி கேட்டார்.

"வேண்டுதலு பெருசு போல. மூட்டையோட ஒடைக்கிறாரு," என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தச் சிறுமிக்கு அந்த வயதெல்லாம் தாண்டியிருந்தும், வேகமாக நடந்து போய்விட்டார். அப்பா ஸ்டீயரிங்கை விடவில்லை. நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"வீட்ல சொல்லாத," என்றார்.

"பேட மாத்துங்கப்பா."

"மாத்துறேன். சொல்லாத."

மாற்றவில்லை. தீபாவளி வியாபாரம் தலைக்கு மேல் இருந்தது. பிறகு மழை வந்தது. மழையில் கொஞ்சம் நேராக நிற்பதாகச் சொன்னார். நான் வேறு பேடுகள் வாங்கிவந்து, நானே வண்டிக்கு அடியில் படுத்து மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். எப்படிச் செய்வது என்று தெரியும். ஆனால் கார்பார்க்கில் ஜாக்கி வைத்தால் எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து அம்மாவுக்குத் தெரியும். அம்மாவை என்னால் அதற்கு மேல் தாண்ட முடியவில்லை.

கடைசியில் வருடாந்தரச் சோதனை வந்தது. சரக்கு வண்டிகளுக்கு அது கட்டாயம். உருளைகள்மேல் சக்கரத்தை நிறுத்திப் பிரேக் போடச் சொன்னால், இடது எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு பிடிக்கிறது என்று முள் காட்டும். அப்பாவின் வண்டி தேறவில்லை. பல வாரங்களுக்கு முன்பே நான் வாயால் சொன்னதை அந்த முள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது. அந்த முள்ளோடு அப்பா வாதாடவில்லை. அரசாங்க மெஷினாயிற்றே. அம்மாவிடம் பின்விளக்கு எரியவில்லை என்று சொல்லிவிட்டு, நேராகப் பட்டறைக்குப் போய், பேடுகளை மாற்றிக்கொண்டு, மறுசோதனையில் தேறிவிட்டு வந்தார்.

நான் அப்போது ஷிஃப்ட்டில் இருந்தேன். வந்து கேட்டேன்.

"என்ன பேட் போட்டாருப்பா?"

"அவன்கிட்ட அலமாரில இருந்தத போட்டான்."

"பெட்டி எங்க?"

"பெட்டியெல்லாம் இல்லம்மா. தாள்ல சுத்தி வச்சிருந்தான். நிக்குதுல்ல? அத விடு."

நின்றது. ஆனால் வண்டி கார்பார்க்குக்குள் திரும்பும்போது கீச்சென்று ஒரு சத்தம். கடினமான ரகம்தான் அப்படிக் கத்தும். அடுத்த முறை டயர் மாற்றும்போது பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் வட்டம் வட்டமாகக் கோடுகள் விழ ஆரம்பித்திருந்தன. மாற்றச் சொல்லலாம் என்று ஒருநாள் மாலை அப்பாவுக்காகக் காத்திருந்தேன். கீழே அந்தச் சத்தம் கேட்டது. அம்மா, "வந்துட்டாரு," என்று தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அப்போதெல்லாம் அவர் சன்னலை விட்டு விலகுவார். "பொட்டு வச்ச பேடுடி, அதான் பேசுது," என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பேடை மாற்றச் சொல்லும் எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

அந்த மாலையில் நிலை இது. டிஸ்க்குகள் நான் தேர்ந்தெடுத்தவை, தேய்ந்துகொண்டிருக்கின்றன. பேடுகள் யார் செய்தவை என்று யாருக்கும் தெரியாது. அம்மா எண்ணெய் தடவியவை இன்னமும் உள்ளே இருப்பதாக அம்மா நம்புகிறார். வண்டி நேராக நிற்கிறது. அப்பா நாளைக்கும் புக்கிட் மேராவுக்குப் போகிறார்.